ஐந்தாவது ஆள்

நால்வர் அணி என்று பெயர். பதக்கம் வாங்க மேடை ஏறுவதோ ஐந்து பேர். வான்குதிப்புப் போட்டியைப் புதிதாகப் பார்க்கிறவர்கள் முதலில் குழம்புவது இங்கேதான். அந்த ஐந்தாவது ஆள் மாற்று ஆட்டக்காரர் இல்லை, பயிற்றுநரும் இல்லை. தலைக்கவசத்தில் கேமராவைப் பூட்டிக்கொண்டு, மற்ற நால்வரோடு அதே விமானத்திலிருந்து குதித்தவர். அவர் சொதப்பினால் நால்வரும் சொதப்பியதாகவே கணக்கு.

ஆட்டத்தின் விதி எளிது. சுமார் 10,500 அடி உயரத்தில் விமானத்தை விட்டு வெளியேற வேண்டும். குலுக்கலில் விழுந்த வடிவங்களை, ஒருவர் கையையோ காலையோ ஒருவர் பற்றி, வரிசை மாறாமல் கட்டிக்காட்ட வேண்டும். ஒன்று முடிந்ததும் பிடியை விட்டு அடுத்ததற்குப் போகலாம். ஒவ்வொரு சரியான வடிவத்துக்கும் ஒரு புள்ளி, மொத்தம் 35 வினாடி. உலகத் தரத்து அணிகள் அதற்குள் 20 புள்ளியைத் தாண்டிவிடுகின்றன. ஒரு வடிவத்துக்கு இரண்டு வினாடிகூட இல்லை என்று அர்த்தம். மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்துகொண்டே செய்கிற வேலை இது.

தரையில் உட்கார்ந்திருக்கும் நடுவருக்கு இதில் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. மூன்று கிலோமீட்டர் உயரத்தில் நான்கு மனிதர்கள் புள்ளியாகக்கூடத் தெரிய மாட்டார்கள். ஐந்தாவது ஆள் கொண்டுவரும் படத்தைப் பார்த்துத்தான் புள்ளி போடுகிறார்கள். இரண்டு பேர் கையைப் பற்றியது உண்மைதான், ஆனால் அந்தக் கணத்தில் ஒருவரின் முதுகு கேமராவை மறைத்துவிட்டது என்றால் புள்ளி கேள்விக்குறி. புக்கிட் ஜாலில் அரங்கில் நடக்கும் பூப்பந்து ஆட்டத்தில் ஷட்டில் கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று ஆட்டக்காரர் முறையிட்டால், பதில் சொல்லும் கேமரா போட்டி அமைப்பாளருடையது. இங்கே நடுவரின் கண்ணையே அணிதான் கூட்டி வருகிறது. வேறு எந்த விளையாட்டிலும் இப்படி ஓர் ஏற்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அந்த ஆளின் வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். விமானத்தின் கதவுக்கு வெளியே, பின்பக்கமாக ஒரு சிறு படி. மற்றவர்கள் கதவருகே ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு தயாராகும்போது, இவர் அந்தப் படியில் காலை வைத்து, காற்று அறைய வெளியே தொங்கிக்கொண்டிருப்பார். அணி கிளம்பும் அதே நொடியில் கையை விட வேண்டும். அரை வினாடி பிந்தினால் முதல் வடிவம் படத்தில் சிறுத்துவிடும். முந்தினால் அணி தலைக்கு மேலே போய்விடும். அதற்குப் பிறகு நால்வருக்கும் மேலே, செங்குத்தாகக் கீழே பார்க்கிற கோணத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் எல்லாப் பிடிகளும் தெரியும். ஆனால் நேர் மேலே போகவும் கூடாது. விழுகிற உடல்கள் காற்றைக் கிழிப்பதால் அவற்றின் முதுகுக்கு மேலே கலங்கிய காற்று நிற்கும். அங்கே தாங்கிப் பிடிக்க எதுவும் இருக்காது. அதற்குள் நுழைந்த கேமராக்காரர் தன் சொந்த அணியின் மீதே தொப்பென்று விழுவார். எனவே அந்தக் கலக்கத்தின் விளிம்பிலேயே மிதந்தபடி, கழுத்தை மடக்கிக் கீழே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவர் உடையின் கைக்கும் விலாவுக்கும் இடையில் தைத்திருக்கும் துணி இறக்கைதான் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவுகிறது. இரண்டு கைகளும் பறப்பதற்கே வேண்டும். ஆகவே நிழற்படம் எடுக்க வேண்டுமானால் பொத்தான் வாயில்தான். பல்லால் கடித்தால் ஷட்டர் விழும்.

கடைசியில் பாராசூட் விரியும் கணம். தலையில் கனத்தோடு இருக்கிறவர் அப்போது கழுத்தை நேராக வைத்திருக்க வேண்டும். எடுத்த படம் எப்படி வந்திருக்கிறதோ என்று யோசித்துக்கொண்டே தலையைச் சாய்த்திருந்தால் கழுத்துச் சுளுக்கோடு போனால் அதிர்ஷ்டம்.

ஃப்ரீஸ்டைல் பிரிவுக்குப் போனால் கதை இன்னும் தெளிவு. அங்கே அணி என்பதே இரண்டு பேர்: ஒருவர் ஆட, ஒருவர் படமெடுக்க. படம் எடுத்த விதத்துக்கும் மதிப்பெண் உண்டு. பெரிய வடிவச் சாதனைக்கும் சாட்சி கேமராதான். 2006 பிப்ரவரி 8 அன்று, நம் பக்கத்து வீடான தாய்லாந்தின் உடோன் தானியில், 400 பேர் வானத்தில் ஒரே வடிவமாகக் கைகோத்து உலகச் சாதனை படைத்தார்கள். தாய்லாந்து விமானப்படையின் சி-130 விமானங்களிலிருந்து குதித்தார்கள். வடிவம் முழுமையாக நின்றது 4.25 வினாடி. அந்த நாலேகால் வினாடிக்குள் நானூறு பேரில் ஒருவர் பிடி விலகியிருந்தாலும் காட்டிக்கொடுத்திருப்பது மேலிருந்து எடுத்த படம்தான்.

இனி நம் ஊர்.

கோலாலம்பூருக்குக் குதிப்பு என்றால் கட்டடத்திலிருந்து குதிப்பதுதான். 1999 ஏப்ரல் 15 அன்று ஆஸ்திரியாக்காரர் ஃபெலிக்ஸ் பாம்கார்ட்னர், அலுவலகம் போகிறவர் மாதிரி உடுத்திக்கொண்டு பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்துக்குள் நுழைந்தார். 451 மீட்டர் உயரத்திலிருந்து குதித்து, கட்டடக் குதிப்பில் அன்றைய உலகச் சாதனையைத் தன் பெயரில் எழுதிக்கொண்டார். (ஷான் கானரியும் கேத்தரின் ஸீட்டா ஜோன்ஸும் அதே கோபுரத்தில் தொங்கிய ஹாலிவுட் படம் திரைக்கு வந்ததும் அதே மாதம்தான். விளம்பரத்துக்குச் செலவே இல்லை.) 2012இல் பூமியிலிருந்து 39 கிலோமீட்டர் உயரம் போய்க் குதித்து ஒலியின் வேகத்தைத் தாண்டியவரும் இவரே. 2025 ஜூலையில் இத்தாலியில் பாராகிளைடிங் விபத்தில் இறந்தார்.

பாம்கார்ட்னர் திருட்டுத்தனமாகச் செய்ததைப் புக்கிட் நானாஸ் குன்றின் மேல் இருக்கும் கேஎல் டவர் முறைப்படி அனுமதித்து நடத்தியது. 421 மீட்டர் கோபுரம், ஏறத்தாழ 300 மீட்டரில் திறந்த தளம். அங்கிருந்து உலகெங்கிலுமிருந்து வந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பகலிலும் இரவிலும் குதித்த வருடாந்திரக் குதிப்பு விழா இந்த ஊருக்குத் தனி அடையாளம். பெருநகரத்தின் நட்டநடுவில் இப்படி அனுமதி கிடைப்பது உலகத்தில் அரிது. அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவின் நியூ ரிவர் பாலத்தில் அக்டோபர் மாதத்தில் ஒரே ஒரு சனிக்கிழமைதான் அனுமதி. அதன் உயரமும் 267 மீட்டர்தான்.

கோபுரக் குதிப்பை நானும் ரசிக்கிறவன்தான். ஆனால் விளையாட்டு என்று எடை போட்டால் அது வேறு கணக்கு. காற்றின் தடையை விட்டுவிட்டால் 300 மீட்டரைக் கடக்க எட்டு வினாடிகூட ஆகாது. குதித்தவர் மூன்று வினாடிக்குள் பாராசூட்டை விரித்தாக வேண்டும். மாற்றுப் பாராசூட் கிடையாது. அந்த மூன்று வினாடியில் யாரும் யாருக்கும் மேலே மிதந்து படமெடுக்கக் கற்றுக்கொள்ள முடியாது. தவிர, கோபுரத்துக்கு வருகிறவர்கள் எங்கோ ஒரு பள்ளியில் நூற்றுக்கணக்கில் விமானத்திலிருந்து குதித்துப் பழகிவிட்டு வருகிறவர்கள். நம்மிடம் அரங்கம் இருக்கிறது. அந்த அரங்கத்துக்கு ஆள் தயாரிக்கும் பள்ளி கிள்ளான் பள்ளத்தாக்கில் இல்லை.

இருக்கவும் முடியாது. ஒரு பக்கம் சுபாங், மறு பக்கம் சிப்பாங்; நடுவில் விமானங்கள் ஏறி இறங்கும் பாதை. மிச்சமுள்ள இடமெல்லாம் வீடு, தொழிற்சாலை, நெடுஞ்சாலை. மத்தியானம் தாண்டினால் இடியோடு மழை. சில ஆண்டுகளில் புகைமூட்டம் வேறு. அதனால்தான் நம் நாட்டில் இந்தக் கலையை வளர்த்தது பெரும்பாலும் ராணுவம், மலாக்கா சுங்கை ஊடாங்கில். பொதுமக்கள் பணம் கட்டிக் குதிக்கப் பெயர் பெற்ற இடம் ஜொகூரின் சிகாமட். கிள்ளானில் இருக்கும் பையனுக்கு அது போய்வரவே ஒரு நாள்.

சரி, சிகாமட் மாதிரி ஓர் ஊரில் ஒருவர் பள்ளி தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பிழைப்பு மாணவர்களால் நடக்காது. எந்த நாட்டிலும் பெரும்பாலான பள்ளிகளைத் தூக்கி நிறுத்துவது டான்டம் குதிப்பு, அதாவது பயிற்றுநரின் மார்போடு கட்டிக்கொண்டு ஒரே ஒரு முறை குதித்துவிட்டுப் போகிற சுற்றுலாப் பயணி. அந்தப் பயணிக்கு வேண்டியது என்ன? குதித்ததற்குச் சாட்சி. ஆகவே டான்டத்தோடு சேர்ந்து விற்பது வீடியோ.

இங்கேதான் ஒரு சின்னக் கூட்டல் கழித்தல். சிறு பள்ளிகளில் ஓடுவது செஸ்னா 182. விமானியைத் தவிர நான்கு பேருக்கு இடம். பயணி, பயிற்றுநர் என இரண்டு ஜோடி ஏறினால் இடம் முடிந்தது. இரண்டு பேரிடம் காசு. கூடவே பறந்து படமெடுக்கத் தனியாக ஒரு கேமராக்காரரை ஏற்றினால் ஒரு ஜோடியும் அவரும்தான். காசு ஒருவரிடம், ஓர் இருக்கை சும்மா. இருபது நிமிடத்துக்கு மேல் எரிபொருளை எரித்து மேலே ஏறும் விமானத்தில் காலி இருக்கை என்பது முதலாளியின் வயிற்றெரிச்சல். அதற்கு மருந்தாக வந்ததுதான் கைக் கேமரா. பயிற்றுநரின் இடது மணிக்கட்டில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கேமராவைக் கட்டிவிட்டால் போதும். பயணியின் முகம் கிடைக்கும், கத்தல் கிடைக்கும், கொஞ்சம் வானமும் கிடைக்கும். தனி ஆள் வேண்டாம், தனி இருக்கை வேண்டாம்.

முதலாளி செய்ததில் தப்பில்லை. ஆனால் அந்த இருக்கை போனதோடு வேறொன்றும் போய்விட்டது. போட்டி அணிகளுக்கு ஐந்தாவது ஆளைத் தயாரித்துக் கொடுத்தது அந்த இருக்கைதான். டான்டத்தைப் படமெடுக்கிறவர் ஒரு நாளில் பல முறை குதிப்பார், அதுவும் சம்பளத்துக்கு. பயணி கனமானவரா மெலிந்தவரா என்று பார்த்து ஒவ்வொரு முறையும் வேகத்தை மாற்றிக்கொள்வார். டான்டம் பாராசூட் விரிகிற காட்சியைக் கீழே விழுந்துகொண்டே எடுத்து, தானும் விரித்து, அவர்களுக்கு முன்னால் தரையிறங்கி, ஓடிப்போய் அவர்கள் இறங்குவதையும் எடுப்பார். ஒரு வருடம் இந்த வேலை செய்தவருக்கு எந்தப் பயிற்சி முகாமும் தேவைப்படாது. சொந்தக் காசில் அத்தனை முறை குதிக்க யாரால் முடியும்?

சொந்தக் காசில் குதிக்கிறவர் அவசரப்படுவார் என்பது இன்னொரு தலைவலி. கேமரா மலிவாகிவிட்டதால் பத்தாவது குதிப்பிலேயே தலையில் மாட்டிக்கொள்ள ஆசை வரும். அமெரிக்கப் பாராசூட் சங்கத்தின் பரிந்துரை 200 குதிப்பு முடித்த பிறகே கேமரா என்பது. பாராசூட் கயிறு கேமராவில் சிக்கலாம் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் கவனம். 1988இல் வட கரோலினாவில், எண்ணூறு முறைக்கு மேல் குதித்திருந்த ஓர் அனுபவசாலி, ஒரு மாணவரையும் பயிற்றுநரையும் படமெடுக்கக் குதித்தார். முதுகில் பாராசூட் இல்லை. கேமரா கருவிகளைச் சரிபார்த்த மனம் அதை மறந்துவிட்டது. அவர் எடுத்த படம்தான் விசாரணைக்குச் சாட்சியானது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு வழி திறந்திருக்கிறது என்று சொல்வார்கள்: பெட்டாலிங் ஜெயா 1 உத்தாமா பேரங்காடியில் காற்றுக் கூண்டு. கீழிருந்து வீசும் காற்றில் உடலை மிதக்கவிட்டுப் பழகலாம். மழை இல்லை, புகைமூட்டம் இல்லை, சிகாமட் பயணமும் இல்லை. ஒரு நிமிடம் மிதந்தால் ஒரு முழுக் குதிப்பின் மிதப்பு நேரம் கிடைத்துவிடும். சிங்கப்பூரின் கைரா போ செந்தோசா காற்றுக் கூண்டில் சிறுமியாகப் பழகி, 2017இல் கத்தலோனியாவில் நடந்த காற்றுக் கூண்டுப் போட்டியில் இரண்டு தங்கம் வென்றார். அந்த ஊரில் முடிந்தது இந்த ஊரிலும் முடியும். ஆனால் கூண்டில் கேமராக்களைச் சுவரிலும் உச்சியிலும் நிரந்தரமாகப் பொருத்திவிடுகிறார்கள். ஐந்தாவது ஆளுக்கு அங்கே வேலையே இல்லை. நல்ல ஆட்டக்காரர் கூண்டிலிருந்து வருவார். நல்ல கேமராக்காரர் வர மாட்டார்.

இதை எழுதக் காரணம், பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் மாடியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் நம் பையன்கள். திருமண மண்டபத்தில் தாலி ஏறும் நொடிக்கு மறு டேக் கிடையாது. பத்து மலையில் காவடிக் கூட்டத்துக்குள் பின்னோக்கி நடந்துகொண்டே, ஆளை இடிக்காமல், ஆடுகிறவரின் முகத்தைத் தவறவிடாமல் எடுக்கிறார்கள். அடுத்து அவர் எந்தப் பக்கம் திரும்புவார் என்று முன்கூட்டியே ஊகிக்கிற அந்தக் கண், வானத்திலும் பாதி வேலையைச் செய்துவிடும். மீதிப் பாதி பறக்கக் கற்பது. அமெரிக்காவில் கார்ல் பீனிஷ் பொறியியல் வேலையை உதறிவிட்டுத் தலையில் கேமராவோடு குதித்தார். 1978இல் எல் காப்பிட்டன் பாறையிலிருந்து குதித்தவர்களை அவர் எடுத்த படங்கள்தான், கேஎல் டவரில் நடந்தது போன்ற குதிப்புக்கே பிள்ளையார் சுழி. 1984இல் நார்வே மலையில் குதித்தபோது இறந்தார். அவர் தொழிலின் அந்தப் பக்கத்தையும் மறைக்கத் தேவையில்லை.

மலேசியா நால்வர் அணி ஒன்றை உலகப் போட்டிக்கு அனுப்ப விரும்பினால், செலவை எங்கே போட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆட்டக்காரர்களைக் காற்றுக் கூண்டில் பழக்கட்டும். அது நகரத்திலேயே முடியும். மானியம் போக வேண்டிய இடம் செஸ்னாவில் கேமராக்காரரின் அந்த இருக்கை. உரிமம் பெற்று 200 குதிப்பைத் தாண்டிய இளைஞர் ஒருவரை டான்டம் ஜோடியோடு ஏற்றிச் செல்லும் பள்ளிக்கு, இரண்டாவது ஜோடியால் வந்திருக்கும் காசைக் கொடுத்துவிட்டால் முதலாளிக்கு நஷ்டமில்லை. பயணிக்குக் கைக் கேமரா தராத படம் கிடைக்கும்: தன் முழு உருவமும், பின்னால் ஜொகூரின் செம்பனைத் தோட்டங்களும். அணி தேர்வாகும் நாளில் நால்வரைத் தேடுவதற்கு முன் அந்த இளைஞரைக் கூப்பிட்டு எத்தனை டான்டம் எடுத்திருக்கிறாய் தம்பி என்று கேட்டால் போதும்.