ஆசிரியர் சங்கமும் வன்னியின் கணக்கும்

2021 ஜூலை 8 ஆம் திகதி, பாராளுமன்றச் சுற்றுவட்டத்தருகே கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலத்தை எதிர்த்து நின்றவர்களைப் பொலிஸார் கைதுசெய்தனர். நீதிமன்றம் பிணை வழங்கியது. ஆனால் பிணை கிடைத்தவர்களில் ஒரு பகுதியினரை வீடு போகவிடாமல், கொரோனாத் தனிமைப்படுத்தல் என்ற பெயரில் பலவந்தமாக முல்லைத்தீவுக்குக் கொண்டுபோனார்கள். இலங்கை ஆசிரியர் சங்கத்தின் பொதுச் செயலாளர் ஜோசப் ஸ்டாலின் அவர்களுள் ஒருவர். அவர்கள் வைக்கப்பட்ட இடம் கேப்பாப்புலவு விமானப்படை முகாம்.

வன்னி மக்களுக்கு அந்த ஊரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 2012 இல் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாம் மூடப்பட்டபோது கேப்பாப்புலவு மக்கள் சொந்தக் காணிக்குப் போக முடியாமல் சீனியாமோட்டையில் குடியேற்றப்பட்டார்கள். 2017 ஜனவரி 31 முதல் ஒரு மாதம் விமானப்படை முகாம் வாசலில் இரவுபகலாக இருந்து கேப்பாப்புலவின் பிலவுக்குடியிருப்பு மக்கள் தங்கள் காணியை மீட்டார்கள். கல்வி இராணுவமயமாவதை எதிர்த்த ஆசிரியர் தலைவரை, இராணுவமயமாதலின் முழுப் பாரத்தையும் சுமந்த ஊருக்கே அரசு கொண்டுவந்தது. தெற்கின் தொழிற்சங்கமும் வன்னியின் காணிப் போராட்டமும் எதிர்கொள்வது ஒரே அதிகாரத்தைத்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. சங்கம் அந்தச் சான்றை வைத்து என்ன செய்தது என்பதே கேள்வி.

அரசியல் மாற்றத்தைக் கோரும் ஆசிரியர் சங்கத்தை மூன்று வகையில் எடைபோடலாம். தன் உறுப்பினரின் உரிமையை வென்றதா? சம்பளத்தைத் தாண்டி ஆட்சிமுறையைக் கேள்வி கேட்டதா? சங்கத்துக்கு வெளியே நிற்கும் எளியவரைத் தன் கோரிக்கைக்குள் எடுத்துக்கொண்டதா?

முதலாவதில் சங்கம் தேறிவிட்டது. 1997 முதல் 24 ஆண்டுகள் தீராமல் கிடந்த ஆசிரியர், அதிபர் சம்பள முரண்பாட்டுக்காக 2021 ஜூலை 12 இல் தொடங்கிய இணையவழிக் கற்பித்தல் பகிஷ்கரிப்பு நூறு நாட்களைத் தாண்டி நின்றது. கோரியதில் மூன்றில் ஒரு பங்கை 2022 ஜனவரி முதல் ஒரே தடவையில் தர அரசு இணங்கியது. பிள்ளைகளின் படிப்பைப் பணயம் வைத்தார்கள் என்ற குற்றச்சாட்டு அப்போது பலமாக எழுந்தது. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் வன்னியில் அந்தக் குற்றச்சாட்டு முழுதாகப் பொருந்தவில்லை. திறன்பேசி இல்லாத வீடுகளும் சமிக்ஞை கிடைக்காத கிராமங்களும் நிறைந்த பகுதியில் இணையவழி வகுப்பு பல பிள்ளைகளை எட்டவேயில்லை. வகுப்பை நிறுத்தியதற்காகச் சங்கத்தைக் கண்டித்தவர்கள், வகுப்பே கிடைக்காத பிள்ளைகளுக்காக அதற்கு முன் அரசைக் கண்டித்திருக்க வேண்டும். அதேவேளை அந்தப் பிள்ளைகளின் நிலையைச் சங்கமும் தன் கோரிக்கைப் பட்டியலின் முதலிடத்தில் வைக்கவில்லை.

இரண்டாவதிலும் சங்கத்துக்குரிய மதிப்பைக் குறைக்கக் கூடாது. கொத்தலாவலச் சட்டமூலம் நிறைவேறவில்லை. 2022 ஏப்ரல் 28 பொது வேலைநிறுத்தமும் மே 6 ஹர்த்தாலும் ஒரு ஜனாதிபதி பதவி விலகுவதற்கான வழியைத் திறந்தவற்றுள் அடங்கும். அதற்கான விலையாக 2022 ஓகஸ்டில் ஸ்டாலின் மறுபடியும் கைதானார். இத்தகைய போராட்டத்தில் அரச ஊழியர் கொடுக்கக்கூடிய விலை எவ்வளவு பெரியது என்பதை 1980 காட்டியது. மாதம் 300 ரூபா சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த ஏறத்தாழ 40,000 பேரின் வேலையை ஜே.ஆர். ஜெயவர்த்தன அரசு பறித்தது. தமிழ்நாட்டில் 2003 இல் ஜெயலலிதா அரசு சுமார் 1,70,000 ஊழியர்களையும் ஆசிரியர்களையும் பதவிநீக்கியது. மறுஆண்டு மக்களவைத் தேர்தலில் அவரது கட்சி ஒரு தொகுதியில்கூட வெல்லவில்லை. அரச ஊழியரின் கோபம் ஆட்சியை அசைக்கும் என்பதில் ஐயமில்லை. அசைந்த பிறகு யாருடைய வாழ்க்கை மாறுகிறது என்பதில்தான் மூன்றாவது கேள்வி நிற்கிறது.

அங்கேதான் சங்கம் தவறுகிறது. போர் முடிந்தபின் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பாதுகாப்பு அமைச்சின் கீழ் இயங்கும் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் முன்பள்ளி ஆசிரியைகளை நூற்றுக்கணக்கில் வேலைக்கு அமர்த்தியது. மாகாணக் கல்வித் திணைக்களத்தின் முன்பள்ளி ஆசிரியைக்குக் கிடைக்கும் சொற்பக் கொடுப்பனவைப்போலப் பல மடங்கை அது சம்பளமாகக் கொடுத்தது. கணவனை இழந்த, காணி இழந்த, கடனில் மூழ்கிய ஒரு பெண் அந்த வேலையை ஏற்றதைக் குறைசொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் நான்கு வயதுப் பிள்ளையின் முதல் ஆசிரியை பாதுகாப்பு அமைச்சின் சம்பளப் பட்டியலில் இருக்கிறார். பல்கலைக்கழகத்தில் இராணுவம் வேண்டாம் என்று கைதுக்கு முகங்கொடுத்த சங்கம், முன்பள்ளியில் இராணுவம் வேண்டாம் என்று நாடளாவிய பணிப்பகிஷ்கரிப்பு ஒன்றையும் நடத்தவில்லை.

தொண்டர் ஆசிரியர்களின் கதையும் இதுதான். போர்க்காலத்திலும் இடம்பெயர்விலும் மரத்தடியில் பாடம் நடத்தியவர்கள், நிரந்தர நியமனம் கேட்டு ஆண்டுக்கணக்காக வீதியில் நின்றார்கள். ஆசிரியர் சேவைக்குள் வராதவர் என்பதால் சங்கத்தின் பலமும் அவர்களுக்கு முழுதாக வாய்க்கவில்லை. இடமாற்றத்தை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்கு வரும் ஆசிரியர் சேவைக்காலம் முடிந்ததும் ஊர் திரும்பக் கேட்பது நியாயம். சங்கம் அதற்காக வாதாடுவதும் அதன் கடமை. அவர் போனபின் துணுக்காயிலும் வவுனியா வடக்கிலும் காலியாகும் கணித ஆசிரியர் இடத்துக்காக யார் வாதாடுவது? சங்கத்தின் மேசையில் பெற்றோருக்கு ஆசனமில்லை.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. நாடளாவிய சங்கத்தின் உறுப்பினர் பெரும்பான்மையோர் சிங்களவர். வடக்கின் இராணுவப் பிரச்சினையைக் கையில் எடுத்தால் சங்கம் பிளவுபடும், பிளவுபட்ட சங்கத்தால் சம்பளத்தையும் வெல்ல முடியாது. ஆகவே முதலில் பொதுக் கோரிக்கை, பிறகு மற்றவை என்பது அந்த வாதம். இதை நம்புவோர் நேர்மையற்றவர்கள் அல்லர். ஆயினும் வரலாறு அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. தமிழுக்குச் சம அந்தஸ்து கேட்ட இடதுசாரிக் கட்சிகள் அக்கோரிக்கையைப் படிப்படியாகக் கைவிட்டு, 1966 ஜனவரி 8 இல் தமிழ்மொழி விசேட ஏற்பாடுகளுக்கான ஒழுங்குவிதிகளுக்கு எதிராகவே தொழிலாளரைத் தெருவில் இறக்கின. தள்ளிவைக்கப்பட்ட நீதி தள்ளிவைத்தவர்களையே மாற்றிவிட்டது.

தனித் தமிழ்ச் சங்கம் போதும் என்பதும் விடையாகாது. சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்ற மறுத்ததால் 1962 இல் சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்ட அரச எழுதுவினைஞர் கோடீஸ்வரன், தமிழ் எழுதுவினைஞர் சங்கத்தின் துணையோடு வழக்காடினார். 1964 இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 1967 இல் உயர் நீதிமன்றம் அதைக் கவிழ்த்தது. 1969 இல் இலண்டன் கோமறைக் கழகம் உயர் நீதிமன்றத் தீர்ப்பை நீக்கி, தனிச்சிங்களச் சட்டம் செல்லுமா என்ற கேள்வியை விசாரணைக்குத் திருப்பியனுப்பியது. ஒரு எழுதுவினைஞரின் சம்பளச் சீட்டிலிருந்து அரசியலமைப்பின் அடித்தளம்வரை போன வழக்கு அது. 1972 அரசியலமைப்பு அந்தக் கேள்வியையே பொருளற்றதாக்கியது. தெற்கில் துணை நிற்க ஒரு பெருந்தொழிற்சங்கம் இருந்திருந்தால் அரசுக்கு அது அவ்வளவு எளிதாக இருந்திராது.

இன்று இன்னொரு ஆபத்தும் சேர்ந்திருக்கிறது. 2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 159 ஆசனங்களை வென்றது. வன்னித் தேர்தல் மாவட்டத்தில் ஆறில் இரண்டையும், கிளிநொச்சியை உள்ளடக்கிய யாழ்ப்பாண மாவட்டத்தில் ஆறில் மூன்றையும் பெற்றது. இலங்கை ஆசிரியர் சேவைகள் சங்கத்தின் பொதுச் செயலாளர் மஹிந்த ஜயசிங்க தொழில் பிரதி அமைச்சரானார். தொழிற்சங்கத்தவர் ஆட்சிக்கு வருவது தவறாகாது. ஆனால் ஆளுங்கட்சியோடு ஒட்டிய சங்கம் எதுவரை போகும் என்பதை ஜாதிக சேவக சங்கமய காட்டியிருக்கிறது: ஐக்கிய தேசியக் கட்சியின் அந்தச் சங்கம் 1980 வேலைநிறுத்தத்தை உடைக்கப் பயன்பட்டது, 1983 வன்செயல்களிலும் அதன் பெயர் அடிபட்டது. இன்றைய சங்கங்கள் அப்படிப்பட்டவை என்று நான் சொல்லவில்லை. நட்பான அரசின் கீழ்தான் சங்கத்தின் சுயாதீனம் சோதிக்கப்படுகிறது என்கிறேன்.

ஆகவே என் தீர்ப்பு இது. ஆசிரியர் சங்கங்கள் அரசியலில் இறங்கியது சரி. அவர்களின் துணிவு உண்மையானது, வெற்றிகளும் உண்மையானவை. ஆயினும் அவர்கள் ஆட்சியாளரை மாற்ற உதவிய அளவுக்கு, வன்னியில் ஆட்சி நடக்கும் முறையை மாற்ற முனையவில்லை. சிவில் பாதுகாப்புத் திணைக்கள முன்பள்ளி ஆசிரியைகளை அதே சம்பளத்தோடு மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கு மாற்றுதல், எஞ்சிய தொண்டர் ஆசிரியர்களுக்கு நியமனம், கஷ்டப் பிரதேசப் பாடசாலையில் ஆசிரியர் தாமாகத் தங்கும்படியான விடுதியும் கொடுப்பனவும் ஆகிய மூன்றும் சம்பளக் கோரிக்கை எழுதப்படும் அதே தாளில் வர வேண்டும். சிக்காகோ ஆசிரியர்கள் 2019 இல் தங்கள் ஒப்பந்தத்துக்குள் ஒவ்வொரு பாடசாலைக்கும் தாதியும் சமூகப் பணியாளரும் வேண்டுமென்று எழுதவைத்து வென்றார்கள். மாணவரின் தேவையை ஊழியரின் கோரிக்கையாக்குவது முடியாத காரியமல்ல. அடுத்த வேலைநிறுத்த அறிவித்தலில் அந்த மூன்றும் இடம்பெற்றால், வன்னி மக்கள் அதைத் தங்கள் போராட்டமாக ஏற்க வேண்டும். இடம்பெறாவிட்டால், அதை ஆசிரியரின் நியாயமான சம்பளப் போராட்டம் என்று மதிக்கலாம், அரசியல் மாற்றம் என்று அழைக்க வேண்டியதில்லை.