கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஓர் உண்டியல்

கேரளத்தில் மலப்புறம் பக்கம் பல கடைகளில் கல்லாப்பெட்டியை ஒட்டி ஓர் உண்டியல் இருக்கும். டீக்குக் கொடுத்த காசில் மிச்சம் அதில் விழும். தீராத நோயில் படுத்திருப்பவர்களை வீடு தேடிப் போய்க் கவனிக்கும் ஊரின் ‘பாலியேட்டிவ்’ வண்டி அந்தச் சில்லறையும் சேர்ந்துதான் ஓடுகிறது.

1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் வலி தணிக்கத் தொடங்கிய முயற்சி இது. 1999 வாக்கில் அக்கம்பக்கத்தார் கைக்கு வந்தது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்க முடியுமா? தொண்டரிடம் கேட்பது அவ்வளவுதான். 2008இல் மாநில அரசும் இதற்கென்று கொள்கை வகுத்தது, அது கிடக்கட்டும்.

எனக்குப் பிடித்தது வேறு. நோயாளியின் வீட்டில் நர்ஸ் உள்ளே புண்ணுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருப்பார். தொண்டராகக் கூட வந்த ஆட்டோக்காரரோ ஆசிரியையோ அடுப்படிப் பக்கம் மெல்ல ஒரு பார்வை விடுவார். அரிசி டப்பா எந்த மட்டத்தில் இருக்கிறது? பையன் ஏன் இன்று பள்ளிக்குப் போகவில்லை? மற்ற நாளில் இதற்கு ஊர்வம்பு என்று பெயர். இங்கே அதுவே அடுத்த நடையில் அரிசிப் பையாக, பள்ளி நோட்டாக வந்து சேர்கிறது.

கட்டு மாற்றி முடிந்தாலும் உடனே கிளம்புவதில்லை. கட்டில் ஓரமாக உட்கார்ந்து, படுத்திருப்பவரின் கையைப் பிடித்தபடி, மத்தி என்ன விலை விற்கிறது என்று பேச்சு ஓடும்.