விளக்கும் விண்மீனும்

கலைக்கு அணி வேண்டும். ஆயினும் அணியே கலையாகிவிடாது. செய்யுளுக்குரிய இவ்விதி புகைப்படத்துக்கும் பொருந்தும். 'ஸ்டார் பில்டர்' என வழங்கும் விண்மீன் கண்ணாடியைக் காமிராவின் முகப்பில் மாட்டி எடுத்த படங்களைக் காணுங்கால் இவ்வுண்மை தெற்றென விளங்கும். விளக்கு உள்ள இடமெல்லாம் கதிர் விரிந்த விண்மீன் தோன்றுகிறது. கண்டவர் வியக்கின்றனர். அவ்வியப்புக்கு உரியவர் படம் எடுத்தவரா, அன்றிக் கண்ணாடி செய்தவரா என்பதே ஆராயத்தக்கது.

கதிர் பிறக்கும் முறை

இக்கண்ணாடியில் மாயம் ஏதுமில்லை. தெளிந்த கண்ணாடியின்மேல் நுண்ணிய கோடுகள் கீறப்பட்டுள்ளன. அவற்றின்மேல் படும் ஒளியில் ஒரு பகுதி, கோட்டுக்குக் குறுக்கான திசையில் இருபுறமும் சிதறுகிறது. எனவே ஒரு திசையில் கீறிய கோடுகள் 2 கதிர்களைத் தரும். இரு திசையாயின் 4. மூன்று திசையாயின் 6. நான்கு திசையாயின் 8. கண்ணாடியை அதன் வளையத்தில் திருப்பினால், படத்திலுள்ள கதிர்கள் யாவும் ஒருசேரத் திரும்பும்.

இக்கண்ணாடி இன்றியும் கதிர் பிறப்பதுண்டு. லென்ஸின் துவாரத்தை எப் 16 அளவுக்குச் சுருக்கினால், துவாரத்தை அமைக்கும் தகடுகளின் விளிம்பில் ஒளி வளைந்து கதிராகிறது. தகடுகள் 8 எனின் கதிர்கள் 8. தகடுகள் 7 எனின் கதிர்கள் 14. ஆகவே கதிர் என்பது விளக்கின் இயல்பன்று, கருவியின் கையெழுத்தேயாம்.

தொலைநோக்கியின் சான்று

1990இல் விண்ணில் ஏவப்பட்ட ஹப்பிள் தொலைநோக்கியின் படங்களில் ஒளிமிக்க விண்மீன்களுக்கு 4 கதிர்கள் உண்டு. உள்ளே சிறு ஆடியைத் தாங்கும் நான்கு சட்டங்களே அதற்குக் காரணம். 2021 டிசம்பரில் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் பேராடி, அறுகோணத் துண்டுகள் 18 சேர்ந்தது. ஆதலின் அதன் படங்களில் 6 பெருங்கதிர்கள் தோன்றுகின்றன. தாங்கு சட்டத்தால் 2 சிறுகதிர்களும் உடன் வருகின்றன. 2022 ஜூலையில் வெளிவந்த அதன் ஆழ்விண் படத்தில், கூரிய கதிர் உடையவை நம் பால்வீதியின் விண்மீன்கள். கதிரின்றி மங்கலாய்ப் பரந்தவை பெரும்பாலும் தொலைவிலுள்ள விண்மீன் திரள்கள். அங்கே கதிர் அழகு மட்டுமன்று, அறிவும் தருகிறது. புள்ளி எது, பரப்பு எது என்று அது பிரித்துக் காட்டுகிறது.

ஒரு மறுப்பு

மனிதர் கண்ணுக்கும் விளக்கு கதிருடன்தானே தோன்றுகிறது என்று இக்கண்ணாடியை விரும்புவோர் வாதிடுவர். வாதம் உண்மையே. விழிவில்லையில் இழைகள் கூடும் பொருத்துக் கோடுகளே அதற்குக் காரணம். ஆனால் கண் காணும் கதிர்கள் ஒழுங்கற்றவை. ஒருவர் கண்ணுக்கும் மற்றொருவர் கண்ணுக்கும் வேறுபடுபவை. கண்ணாடி தரும் கதிர்களோ, அச்சில் வார்த்தாற்போல் எல்லா விளக்குக்கும் ஒரே வடிவின.

தகும் இடமும் தகா இடமும்

தீபாவளிக் காலத்தில் சிங்கப்பூர்ச் சிராங்கூன் சாலையில் மின்விளக்கு அலங்காரம் செய்யப்படுகிறது. இருண்ட வானத்தின் கீழ் இடைவெளிவிட்டு ஒளிரும் சிறு பல்புகளுக்கு இக்கண்ணாடி பொருந்தும். விளக்குகள் நெருங்கிய தோரணத்திலோ கதிரோடு கதிர் மோதிப் பின்னி, சாலையும் மக்களும் மறைந்துவிடுகின்றனர்.

வீட்டு வாயிலில் எரியும் அகல்விளக்கின் நிலை வேறு. அதன் சுடர் புள்ளியன்று, உருவம் உடையது. காற்றில் சாய்வதும், நுனி நடுங்குவதும், எண்ணெய் குறையக் குறுகுவதும் அதன் உயிர். அண்மையில் நின்று எடுக்கும் படத்தில் அதன்மேல் இக்கண்ணாடியை வைத்தால் கூரிய கதிர் எழாது. தடித்த ஒளிக்கறையே எஞ்சும். சுடரின் உருவமும் போகும். கீறல்கள் படம் முழுவதையும் சற்றே மங்கச் செய்வதால், விளக்கேற்றும் தாயின் முகமும் தெளிவிழக்கும். எதைக் காட்ட எடுத்தாரோ அதுவே அழிந்தபின், கதிர் எத்தனை இருந்தும் என்ன பயன்?

எனவே இக்கண்ணாடியை விலக்குதல் வேண்டா, ஆளுதல் வேண்டும். மாட்டுமுன் படத்தின் பொருள் யாது என ஒருமுறை எண்ணுதலும், கண்ணாடி இன்றி ஒரு படம் எடுத்து ஒப்பிடுதலும் நன்று. கதிரை நீக்கினாலும் நிற்கும் படமே நல்ல படம். கதிரை நீக்கினால் ஒன்றுமே எஞ்சாத படம், கண்ணாடி செய்தவரின் திறமைக்கு மட்டுமே சான்றாகும்.