தூரத்தின் அரசியல்: இடப்பகுப்பாய்வுச் செயல்கள் குறித்த ஒரு விமர்சன நோக்கு

புவியியல் தகவல் முறைமை எனப்படும் கணனிவழி ஆய்வுக் கருவி இன்று புவியியற்றுறையின் எல்லையைக் கடந்து சுகாதாரம், நகரத் திட்டமிடல், அனர்த்த முகாமை முதலிய பல துறைகளிலும் கையாளப்பட்டு வருகின்றது. 1960களில் கனடாவின் நிலவளங்களைக் கணக்கிடும் பொருட்டு ரோஜர் ரொம்லின்சன் முன்னெடுத்த முயற்சியே இதன் தொடக்கமாகப் பெரும்பாலும் கொள்ளப்படுகின்றது. சாதாரண படவரைவிலிருந்து இம்முறைமையை வேறுபடுத்துவன அதன் இடப்பகுப்பாய்வுச் செயல்களேயாம். படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துதல், ஒரு பொருளைச் சுற்றிக் குறித்த தூரத்துக்கு வலயம் அமைத்தல், வீதி வலையமைப்பின் வழியே குறுகிய பாதையைக் காணுதல், அளந்த புள்ளிகளைக் கொண்டு அளவாத இடங்களின் பெறுமானத்தை மதிப்பிடுதல் ஆகியன அவற்றுள் முதன்மையானவை.

இச்செயல்களை விளக்கும் பாடநூல்கள் பலவும் ‘எவ்வாறு செய்வது’ என்ற வினாவோடு நின்றுவிடுகின்றன. செயலுக்கு இடப்படும் அளவை யார் தெரிந்தார், எதனை அளந்தார், எதனை அளக்காது விட்டார் என்பன தொழில்நுட்பத்துக்குப் புறம்பான வினாக்களாக ஒதுக்கப்படுகின்றன. ஆனால், விடையின் பெரும்பகுதி இவ்வினாக்களிலேயே தங்கியுள்ளது என்பதே இக்கட்டுரையின் வாதமாகும். இதனை நிறுவுவதற்கு வலயம் அமைத்தல் என்னும் மிக எளிய செயலை இங்கு எடுத்துக்கொள்வோம்.

வலயம் அமைக்கும் செயலுக்கு இரண்டே உள்ளீடுகள் தேவை. ஒன்று, எங்கிருந்து அளப்பது. மற்றையது, எவ்வளவு தூரம். இவ்விரண்டும் கொடுக்கப்பட்டதும் கணனி பிழையின்றி ஒரு கோட்டை வரைந்துவிடும். அக்கோட்டின் ஒழுங்கும் துல்லியமும் பார்ப்போரிடத்து ஒரு நம்பிக்கையை ஏற்படுத்துகின்றன. ஆயினும் அத்துல்லியம் வரைதலின் துல்லியமேயன்றித் தீர்ப்பின் துல்லியமன்று. 100 என்று கொடுத்தால் 100, 200 என்று கொடுத்தால் 200. அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதைக் கணனி ஒருபோதும் கேட்பதில்லை.

இவ்வுண்மையை நமது நாட்டின் அனுபவமே உணர்த்தியுள்ளது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டதை அடுத்து, கரையோரத்தில் மீளக் கட்டுவதற்குத் தடைவிதிக்கும் வலயமொன்று அறிவிக்கப்பட்டது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என்பதே பொதுவாக வகுக்கப்பட்ட அளவாகும். இத்தீர்மானத்தைக் கணனி எடுத்தது எனக் கூறுவது நமது நோக்கமன்று. அதனை எடுத்தவர்கள் மனிதர்களே. ஆனால் தீர்மானம் கொண்ட வடிவம் வலயச் செயலின் வடிவமேயாகும். ஒரு கோட்டிலிருந்து நிலைத்த ஒரு தூரம். அதற்குள் இருப்பது ஆபத்து, அதற்கு வெளியே இருப்பது பாதுகாப்பு.

அலையோ அக்கோட்டை அறிந்திருக்கவில்லை. தென்மேற்குக் கரையில் பெரலிய என்னுமிடத்தில் புகையிரதமொன்று அலையில் அகப்பட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அங்கு தண்டவாளம் கடலிலிருந்து ஏறத்தாழ 200 மீற்றர் உள்ளே அமைந்திருந்தது. அதாவது, பின்னர் தெற்குக்கு விதிக்கப்பட்ட வலயத்தின் அகலத்தைப் போல் ஏறத்தாழ இருமடங்கு தூரத்தில் அப்பேரழிவு நிகழ்ந்தது. அலை அங்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் வரை உட்புகுந்தது எனவும், சில கிலோமீற்றர் தெற்கே பவளப்பாறை காக்கப்பட்டிருந்த ஹிக்கடுவையில் ஏறத்தாழ 50 மீற்றரோடு நின்றது எனவும் 2005இல் வெளிவந்த கள ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. பெரலியக் கடலில் பவளப்பாறைகள் சட்டவிரோதமாக அகழப்பட்டமையை அவ்வாய்வு இவ்வேறுபாட்டுடன் தொடர்புபடுத்தியது. ஆகவே கடலடியின் அமைப்பு, நிலத்தின் உயரம், பாறை, மணல்மேடு, தாவரம் ஆகியன யாவும் ஆபத்தை நிர்ணயித்தன. தூரம் அவற்றுள் ஒன்று மாத்திரமே.

பௌதிக நிலைமை இவ்வாறிருக்க, சமூக நிலைமை இன்னும் சிக்கலானது. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை ஆகிய கிழக்குக் கரையூர்கள் கடலுக்கும் வயல்நிலத்துக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய பகுதியில் மிகச் செறிவாகக் குடியமர்ந்தவை. அங்கு 200 மீற்றரை நீக்குவதென்பது ஊரின் பெரும்பகுதியொன்றை நீக்குவதாகும். நீக்கப்பட்டோர் செல்வதற்கு அண்மையில் வெற்றுநிலம் இல்லை. அகன்ற வெளிநிலம் உள்ள இடத்திலும் நெருக்கமான ஊரிலும் ஒரே எண் ஒரே விளைவைத் தருவதில்லை. படத்தில் சமமான கோடு மக்கள் வாழ்வில் சமமற்ற சுமையாக இறங்குகின்றது.

மேலும், தூரம் என்பது எல்லோருக்கும் ஒன்றன்று. கரைவலை இழுப்பவனுக்கும் சிறுதோணியில் தொழிலுக்குச் செல்பவனுக்கும் கடலோரம் வசிப்பிடம் மாத்திரமன்று. அதுவே அவனது தொழிற்களமும் களஞ்சியமுமாகும். தோணியையும் வலையையும் கண்காணிப்பதற்கும், காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்துப் புறப்படுவதற்கும் கடல் கண்ணெதிரே இருத்தல் வேண்டும். அவனை உள்நாட்டுக்குச் சில கிலோமீற்றர் பெயர்ப்பது அவனது உற்பத்திச் சாதனத்திலிருந்து அவனைப் பிரிப்பதாகும். சுற்றுலா விடுதிக்கோ கடல் ஒரு காட்சிப் பொருள். இருந்தும், விடுதிகளுக்கு வேறோர் அளவுகோல் கடைப்பிடிக்கப்படுகின்றது என்ற கண்டனம் அக்காலத்திலேயே பரவலாக எழுந்தது. பின்னர் இவ்வலயம் தளர்த்தப்பட்டது. அதற்கிடையில் எத்தனையோ குடும்பங்கள் எங்கு கட்டுவதென்று அறியாது தற்காலிகக் கொட்டில்களில் காத்திருந்தன.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். அவசர நிலையில் நிருவாகத்துக்குத் தெளிவான கோடொன்று வேண்டும். ஒவ்வோர் ஊரையும் தனித்தனியே ஆராய்ந்துகொண்டிருக்க முடியாது என்பர். இது ஏற்கத்தக்க நியாயமே. ஆனால் அவ்வாறாயின் அக்கோட்டை நிருவாக வசதிக்கான கோடென்றே கூற வேண்டும். அதற்கு விஞ்ஞானத்தின் பெயரைச் சூட்டுதல் தகாது. விஞ்ஞானத்தின் பெயரால் வரும் கோட்டை மீனவக் கிராமத்தவர் கேள்விக்குட்படுத்துவது அரிது. நிருவாகத்தின் பெயரால் வரும் கோட்டைக் கேள்விக்குட்படுத்தலாம்.

இவற்றைக் கொண்டு இம்முறைமையை ஆளும் வர்க்கத்தின் கருவியென முற்றாக நிராகரிப்பாரும் உளர். அது பொருத்தமற்றது. கணனிக்கு நெடுங்காலம் முன்னரே, 1854இல் இலண்டனின் சோஹோப் பகுதியில் பரவிய கொலராவை ஆராய்ந்த வைத்தியர் ஜோன் ஸ்னோ, இறப்புகளைப் படத்தில் குறித்து, புரோட் வீதி நீர்க்குழாயே நோயின் மூலம் என வாதிட்டார். அவர் வெறும் நேர்கோட்டுத் தூரத்தோடு அமையவில்லை. மக்கள் வீதிவழியே நடந்து செல்லும் தூரத்தைக் கருத்திற்கொண்டு, எக்குழாய் எவர்க்கு அண்மையது என வரையறுத்தார். அதனினும் முக்கியமானது, தமது கருத்துக்கு மாறான புள்ளிகளை அவர் விலக்காது விளக்கியமையாகும். அக்குழாய்க்கு அருகிலிருந்த ஏழையர் தொழில்விடுதியில் 535 பேர் வசித்தும் ஐவரே இறந்தனர். அவர்களுக்குத் தனிக்கிணறு இருந்தது. தொலைவிலிருந்த ஹம்ஸ்டெட்டில் ஒரு மூதாட்டி இறந்தார். புரோட் வீதி நீரை அவர் விரும்பி வரவழைத்துக் குடித்திருந்தார். அருகிருந்தோர் தப்பினர், தொலைவிலிருந்தவர் மாண்டார். நீரை யார் எங்கிருந்து பெற்றனர் என்ற வாழ்க்கைத் தொடர்பே தூரத்துக்குப் பொருள் தந்தது.

ஸ்னோ கையாற் செய்ததைச் செய்யும் ஆற்றல் இன்றைய முறைமைக்கு உண்டு. வலையமைப்புப் பகுப்பாய்வு நடைதூரத்தைக் கணிக்கும். நில உயரத்தையும் தரைத்தோற்றத்தையும் சேர்த்து, கடந்து செல்லும் சிரமத்துக்கேற்பத் தூரத்தை நிறுக்கும் செயலும் உண்டு. ஓரூரவர் உயர்நிலத்தை அடைய எத்தனை நிமிடம் நடக்க வேண்டும் என்பதை இவற்றால் மதிப்பிடலாம். மக்களைக் கரையிலிருந்து அகற்றுவதா, அன்றி எச்சரிக்கையும் தப்பும் பாதையும் அமைத்துக் கொடுப்பதா என்ற மாற்றுச் சிந்தனை அப்போதுதான் எழும். எனவே குறை கருவியில் மாத்திரம் இல்லை. அக்கருவியிடம் எளிய வினாவை மாத்திரம் கேட்டு நிறுத்துவதிலும் உள்ளது.

ஆகவே இடப்பகுப்பாய்வைக் கற்பிப்போரும் கையாள்வோரும் மூன்று செய்திகளை ஒவ்வொரு படத்துடனும் வெளிப்படுத்தக் கடமைப்பட்டுள்ளனர்: அளவு எவ்வாறு தெரியப்பட்டது, அவ்வளவை மாற்றின் முடிவு எவ்வாறு மாறும், படத்தில் இடம்பெறாதோர் யார். மூன்றாவது வினாவுக்குரிய விடை கணனியில் இல்லை. அது கரையிலே, அந்த மக்களிடத்திலே உண்டு. அவர்களைக் கேளாது வரையப்படும் கோடு எத்துணைத் துல்லியமானதாயினும் அரைகுறையான ஆய்வேயாகும்.