சீர்திருத்தமும் வைத்தியரின் ஆயத்தமும்

2012ஆம் ஆண்டில், அமெரிக்க வைத்திய சங்கத்தின் சஞ்சிகையில் ஒரு குழந்தை தீட்டிய வண்ணச் சித்திரம் பிரசுரமாயிற்று. தான் வைத்தியரிடம் சென்று வந்ததை ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி வரைந்திருந்தாள். பரிசோதனை மேஜைமீது அவள் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்து நாற்காலியில் அவளுடைய அக்காள். தாயின் கையில் கைக்குழந்தை. வைத்தியரோ அவர்கள் எல்லோருக்கும் முதுகைக் காட்டியபடி கணினித் திரையில் ஆழ்ந்திருக்கிறார். அந்நாட்டுச் சுகாதாரச் சீர்திருத்தத்தை எதிர்கொள்ள வைத்தியர்கள் செய்துகொண்ட ஆயத்தங்களை ஆராயப் புகுவோர், சட்ட நூல்களைப் புரட்டுவதற்கு முன் இச்சித்திரத்தைப் பார்த்துவிடுவது நலம்.

சீர்திருத்தம் காரணமின்றி வந்ததன்று. ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனியே கட்டணம் என்றிருந்த பழைய சம்பிரதாயத்தில், நோயாளி விரைவில் குணமடைவதைக் காட்டிலும் அடிக்கடி வந்துபோவதே வருவாய்க்கு அனுகூலமாக இருந்தது. இந்த விபரீதத்தைத் திருத்தவேண்டி, 2009ஆம் ஆண்டுச் சட்டம், நோயாளிகளின் விவரங்களைக் கணினியில் பதியும் மின்பதிவேடுகளை ஏற்கும் வைத்தியருக்கு, முதியோருக்கான அரசாங்க இன்ஷூரன்ஸாகிய மெடிகேர் வழியே 44,000 டாலர் வரை ஊக்கத்தொகை அளித்தது. 2010 மார்ச் 23ஆம் தேதி ஜனாதிபதி ஒபாமா கையொப்பமிட்ட சட்டம், இன்ஷூரன்ஸ் இல்லாதிருந்த கோடிக்கணக்கானோருக்கு வழிதிறந்ததோடு, சிகிச்சையின் அளவுக்கன்றித் தரத்துக்கே ஊதியம் என்னும் கொள்கையையும் வலுப்படுத்தியது. 2015ஆம் ஆண்டுச் சட்டமோ வைத்தியருக்கே மதிப்பெண் போட்டு, அதற்கேற்ப அவரது மெடிகேர் ஊதியத்தைக் கூட்டவும், காலப்போக்கில் நூற்றுக்கு 9 வரை குறைக்கவும் இடமளித்தது.

இவற்றுக்கு ஆயத்தமாகும்படி வைத்தியர்களுக்குக் கூறப்பட்ட யோசனைகள் பிரதானமாக மூன்று: மின்பதிவேட்டை ஏற்றுக்கொள், நோய்க் குறியீடுகளைக் கற்றுக்கொள், பெரிய ஸ்தாபனத்தோடு சேர்ந்துகொள். இவை வெறும் வியாபார யுக்திகள் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. நள்ளிரவில் பிரக்ஞையின்றிக் கொண்டுவரப்பட்டவனுக்குப் பென்சிலின் ஒவ்வாது என்பதை ஒரு பதிவேடு சொல்லிவிடுமானால், அது ஓர் உயிரையே காத்ததாகும். தம்மிடம் வரும் நீரிழிவு நோயாளிகளுள் இவ்வாண்டு கண்பரிசோதனை செய்துகொள்ளாதவர் யார் யார் என்பதைக் காகிதக் கட்டுகளைப் புரட்டி எந்த வைத்தியரும் எளிதில் கண்டறிந்ததில்லை. இன்று அது நிமிஷ வேலை.

ஆயினும் கருவி எஜமானனாகிவிட்டது என்பதே குறை. 2015 அக்டோபர் முதல் தேதியன்று, ஏறத்தாழ 14,000ஆக இருந்த நோய்க் குறியீடுகள் ஏறத்தாழ 68,000ஆகப் பெருகின. வாத்து கடித்தால் ஒரு குறியீடு, கடியாமல் மோதினால் வேறொரு குறியீடு. இவ்வித நுணுக்கத்தால் புள்ளிவிவர சாஸ்திரம் செழிக்கலாம். அதற்கு விலையாவதோ வைத்தியனின் நேரம். நோயாளியோடு நேருக்கு நேர் கழியும் ஒவ்வொரு மணிக்கும், பதிவேட்டிலும் மேஜை வேலையிலும் ஏறக்குறைய இரண்டு மணி செலவாகிறது என்று 2016இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்காவில் புகழ்பெற்ற வைத்தியரும் எழுத்தாளருமான ஆபிரகாம் வர்கீஸ், 2008லேயே இந்த அபாயத்தை உணர்ந்து, கணினிக்குள் வாழும் நோயாளிக்கு ‘ஐபேஷண்ட்’ என்று பெயரிட்டார். அந்த நிழல் நோயாளிக்கு உபசாரமெல்லாம் நடக்க, கட்டிலில் கிடக்கும் நிஜ நோயாளி காத்திருக்கிறான் என்பது அவர் எழுதியதன் சாரம்.

மூன்றாவது யோசனையின் விளைவு இன்னும் ஆழமானது. பதிவேட்டுச் செலவும் கணக்குச் சுமையும் தாங்காத சிறு வைத்தியசாலைகள் பெரிய ஆஸ்பத்திரிகளோடு இணைந்தன. 2016க்குள், சொந்தமாகத் தொழில் நடத்துவோர் வைத்தியருள் பாதிக்கும் குறைந்துபோயினர். கணக்கு எழுதும் தொல்லை நீங்கியது. அதனோடு தம் பொழுதைத் தாமே ஆளும் உரிமையும் நீங்கியது.

அப்படியானால் எதிர்த்து நிற்பதா? 1965இல் மெடிகேரை அதே வைத்திய சங்கம் தன் பலமனைத்தையும் திரட்டி எதிர்த்தது, சட்டம் நிறைவேறியது. இதற்கு மாறாக, பதிவேட்டுச் சுமையைக் குறைக்க விதிகளை எவ்விதம் திருத்தலாம் என்று அச்சங்கம் அரசாங்கத்தோடு அமர்ந்து வகுத்ததன் பயனாக, 2021 ஜனவரி முதல், வெளிநோயாளியைக் கண்டதற்கான கட்டணத்தைப் பெற, உடலின் எத்தனை உறுப்புகளைச் சோதித்தோம் என்று எண்ணி எழுதும் நிர்ப்பந்தம் அகன்றது. விதியை மனனம் செய்வதைவிட, விதி எழுதப்படும் இடத்தில் இருப்பதே சிறந்த ஆயத்தம் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

ஆனால் அவ்வாறு மீண்ட சில நிமிஷங்கள் எங்கே போகும்? நோயாளியின் பேச்சை முழுதும் கேட்பதற்கா, அதே மணிக்குள் இன்னுமொரு நோயாளியைத் திணிப்பதற்கா? சம்பளத்துக்கு அமர்ந்த வைத்தியர் இதைத் தாமே தீர்மானிக்க இயலாது. ஆகையால், வேலைக்கான ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன் ஊதியத்தைப் பேசுகிற அதே அக்கறையோடு, ஒரு நோயாளிக்கு எத்தனை நிமிஷம், குறிப்பெழுத உதவியாளர் உண்டா, மருந்தை விளக்கிச் சொல்லத் தாதியோ மருந்தாளரோ உடனிருப்பாரா என்பவற்றையும் பேசி எழுதிவாங்குவதே இன்று அவருக்கு முதற் கடமை. குறியீட்டைப் பிறகும் கற்றுக்கொள்ளலாம். கைவிட்ட நிமிஷத்தைப் பிறகு கேட்டுப் பெறுதல் எளிதன்று.