படை நம்முடையது, கட்டளை யாருடையது?

1817 நவம்பர் 5ஆம் தேதி பிற்பகல். புணே நகருக்கு வெளியே கட்கி சமவெளியில் மராட்டிய ஆட்சியாளரான பேஷ்வாவின் குதிரை வீரர்களோடு பாய்ந்து வந்த தளபதிகளில் ஒருவர் மோரோ தீட்சித். அவர் தாக்கியது தாபோடியிலிருந்து வந்து ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையோடு சேர்ந்துகொண்டிருந்த ஒரு பட்டாளத்தை. அந்தப் பட்டாளத்துக்குச் சம்பளம் கொடுத்து வந்தவர் பேஷ்வா இரண்டாம் பாஜிராவ். அதை நடத்தியவர் ஃபோர்டு என்ற ஆங்கிலேய அதிகாரி, தீட்சித்தின் நண்பர். ஃபோர்டின் பட்டாளத்துப் பீரங்கிக் குண்டு பட்டுத்தான் தீட்சித் இறந்தார். பேஷ்வாவின் உப்பைத் தின்ற படை பேஷ்வாவின் தளபதியையே சாய்த்தது.

இதைத் துரோகம் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கூட்டாளி வல்லரசின் கட்டளைக்குள் படையை ஒப்படைக்கும் வழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நம் நாட்டு வரலாற்றில் கிடைப்பது அரிது.

பாஜிராவ் விளையாட்டாக இதில் இறங்கவில்லை. 1802 அக்டோபரில் இன்னொரு மராட்டியத் தலைவரான யஷ்வந்த்ராவ் ஹோல்கர் ஹடப்சர் அருகே அவரைத் தோற்கடித்துப் புணேயை விட்டே துரத்தினார். அந்த ஆண்டின் கடைசி நாளில் வசாயில் கம்பெனியோடு கையெழுத்தான உடன்படிக்கை அவருக்கு 6,000 காலாட்படையினரின் பாதுகாப்பைத் தந்தது. அதற்கு விலை, ஆண்டுக்கு 26 லட்சம் ரூபாய் வருமானமுள்ள நிலம். 1803 ஏப்ரலில் ஆர்தர் வெல்லெஸ்லி புணேக்குள் நுழைந்தபோது அவருக்குப் பின்னால் வந்தது பெரும்பாலும் மதராஸ் படை. மராட்டியப் பேஷ்வாவை அரியணையில் ஏற்ற, தென்னாட்டுச் சிப்பாய்கள் ஆங்கிலேயத் தளபதியின் சொல்கேட்டு நடந்தார்கள். மே மாதம் பேஷ்வா மீண்டும் அரியணை ஏறினார். ஆகவே இந்த வழக்கம் பலன் தருவது உண்மை. நாடிழந்தவனுக்கு ஆயுதமும் பயிற்சியும் தளவாடமும் வேறெங்கும் கிடைப்பதில்லை.

ஆனால் பாஜிராவ் நிலத்தோடு சேர்த்து இன்னொன்றையும் கொடுத்துவிட்டார். கம்பெனியைக் கலக்காமல் போர் தொடுக்கவோ பிற அரசுகளோடு பேசவோ கூடாது என்று ஒப்புக்கொண்டார். பிறகு தாபோடிப் பட்டாளத்தை எழுப்பியபோது அதிகாரிகளையும் கம்பெனியிடமிருந்தே பெற்றார். 1817 ஜூனில் கம்பெனியின் பிரதிநிதி எல்ஃபின்ஸ்டன் திணித்த உடன்படிக்கை, பேஷ்வா விட்டுக்கொடுத்த நிலங்களின் வருவாயில் புதியதொரு குதிரைப்படையை உருவாக்க வழி செய்தது. அதுதான் பிற்காலப் பூனா ஹார்ஸ் ரெஜிமென்டின் தொடக்கம். பாஜிராவ் அந்நிய உதவி கேட்டதைத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். படையைத் திருப்பி அழைக்கும் உரிமையைத் தன் கையில் வைத்துக்கொள்ளாததே தவறு.

அந்த உரிமையைக் கையில் வைத்திருந்தவர்கள் என்ன ஆனார்கள்? இங்கேதான் இரண்டாம் உலகப் போரில் போரிட்ட போலந்துப் படையின் கதை நம்மைத் தடுத்து நிறுத்துகிறது. 1940இல் பிரிட்டனோடு செய்த ஒப்பந்தப்படி அது இறையாண்மையுள்ள ஒரு நாட்டின் படை. கொடியும் உறுதிமொழியும் போலந்தினுடையவை. போர்க்களக் கட்டளை மட்டும் பிரிட்டனுடையது. 1944 மார்ச்சில் பிரிட்டிஷ் ஜெனரல் லீஸ், இத்தாலியின் மோண்டே காசினோ மலையைத் தாக்கும் பொறுப்பை ஏற்கிறீர்களா என்று போலந்துப் படையின் தளபதி ஜெனரல் ஆண்டர்ஸைக் கேட்டார். யோசிக்கப் பத்து நிமிடம் கொடுத்தார். ஆண்டர்ஸ் சம்மதித்தார். போலந்துக்காரர்களுக்கு ஜெர்மனியோடு போரிட மனமில்லை என்று மாஸ்கோ சொல்லி வந்ததற்கு அந்த மலையில் பதில் சொல்ல நினைத்தார். மே 18 காலை இடிந்த மடாலயத்தின் மேல் போலந்துக் கொடி ஏறியது. 900 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள்.

அவர்களில் பலரின் ஊர்கள் கிழக்குப் போலந்தில் இருந்தன. அந்த நிலப்பகுதியை சோவியத்துக்கு விட்டுக்கொடுக்கலாம் என்று தெஹ்ரான் மாநாட்டில் ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் அதற்கு முந்தைய ஆண்டின் இறுதியிலேயே இசைந்திருந்தார்கள். மலையேறியவர்களுக்கு அது தெரியாது. 1945 பிப்ரவரியில் அந்த விட்டுக்கொடுப்பை உறுதிசெய்த யால்டா மாநாட்டு முடிவு வெளிவந்ததும் ஆண்டர்ஸ் படையை முனையிலிருந்து விலக்கிக்கொள்ள விரும்பினார். அந்த இடத்தை நிரப்ப வேறு படை இல்லை என்று நேச நாட்டுத் தளபதிகள் சொன்னார்கள். அவர் விலகவில்லை. ஏப்ரலில் அவரது வீரர்கள் பொலோன்யாவுக்குள் நுழைந்தார்கள். அதே நாட்களில் புணேவுக்குத் தெற்கே, கோலாப்பூரை அடுத்த வளிவடே முகாமில் ஏறக்குறைய 5,000 போலந்து அகதிகள் இருந்தார்கள். பலர் அந்த வீரர்களின் மனைவி, மக்கள். பெரும்பாலானோருக்குச் சொந்த ஊர் திரும்பும் வழி அடைபட்டுவிட்டது. மறுக்கும் உரிமை காகிதத்தில் இருந்தால் போதாது, மறுத்த பிறகு நிற்க ஓர் இடமும் வேண்டும். போலந்துப் படைக்கு அந்த இடம் இல்லை.

காசினோவில் போலந்துப் படை முதல் தாக்குதலில் இறங்கிய அதே இரவில், பள்ளத்தாக்கில் காரி ஆற்றைக் கடக்க முற்பட்டது எட்டாவது இந்திய டிவிஷன். அதில் மராத்தா லைட் இன்ஃபன்ட்ரியின் ஒரு பட்டாளமும் இருந்தது. அவர்கள் சார்பில் யாரிடமும் யாரும் பத்து நிமிடம் கொடுத்துக் கேட்கவில்லை. 1939 செப்டம்பரில் இந்தியாவும் போரில் இருக்கிறது என்று வைஸ்ராய் லின்லித்கோ அறிவித்தபோது இந்தியத் தலைவர்களைக் கலந்து பேசவே இல்லை. அந்த வீரர்கள் மனதறிந்து, துணிந்து போரிட்டார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர்களைத் திருப்பி அழைக்கக்கூடியவர் டெல்லியில் இருந்த அந்நியர் மட்டுமே. எதிர்த்தரப்பிலும் இதே சிக்கல் இருந்தது. மலேயாத் தோட்டங்களிலிருந்து ஏராளமான தமிழர் சேர்ந்த இந்திய தேசிய ராணுவம் ஜப்பானின் துணையோடுதான் எழுந்தது. தங்களைக் கருவியாக்குகிறார்கள் என்று ஜப்பானியரோடு மோதிய அதன் தளபதி மோகன்சிங்கை 1942 டிசம்பரில் அவர்கள் கைது செய்தார்கள்.

இத்தோடு நிறுத்தினால் என் வாதம் அரசர்களுக்கும் அரசுகளுக்கும் மட்டுமே பொருந்தும். கோரேகாவ் அதை மறிக்கிறது. 1818 ஜனவரி 1 அன்று பீமா ஆற்றங்கரையிலுள்ள அந்த ஊரில் கம்பெனியின் கேப்டன் ஸ்டான்டனின் சிறுபடை பேஷ்வாவின் பெரும்படையை நாள் முழுக்கத் தடுத்து நின்றது. அந்தச் சிறுபடையில் தீண்டாமைக்கு ஆளான மகர் சமூகத்துச் சிப்பாய்கள் பலர் இருந்தார்கள். பேஷ்வா ஆட்சி அவர்களை மனிதராக மதிக்கவில்லை. அவர்களுக்குத் துப்பாக்கியும் சீருடையும் தந்து, இறந்தபின் பெயரைக் கல்லில் வெட்டியது அந்நியக் கட்டளைதான். 1927 ஜனவரி 1 அன்று அம்பேத்கர் அங்குள்ள நினைவுத் தூண் முன் நின்றது இதனால்தான். நாட்டுக்கு எதிராகப் போரிட்டவர்கள் என்று அவர்களைப் பேசுபவர்களிடம் நான் கேட்பது, அந்த நாடு அவர்களுக்கு எதைக் கொடுத்திருந்தது என்பதே. திருப்பி அழைக்கும் உரிமை அவர்கள் சார்பாக ஒருநாளும் பேஷ்வாவிடம் இருந்ததில்லை.

ஆயினும் கம்பெனி தந்த மதிப்பும் அவர்கள் கையில் நிலைக்கவில்லை. போர்க்குணமுள்ள இனம், இல்லாத இனம் என்று மக்களைப் பிரித்த கொள்கை வந்தபோது, 1890களில் மகர்களைப் படையில் சேர்ப்பதை ஆங்கிலேய அரசு நிறுத்தியது. மகர் சமூகத்துத் தலைவர் கோபால் பாபா வலங்கர் மனு எழுதிப் போராடினார். அம்பேத்கரின் தந்தை ராம்ஜி அதே படையில் சுபேதாராக இருந்தவர். முதல் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டபோது மகர் பட்டாளம் ஒன்றை எழுப்பினார்கள், போர் முடிந்ததும் கலைத்தார்கள். 1941இல் அடுத்த போர் நடந்துகொண்டிருக்கையில் பெல்காமில் மகர் ரெஜிமென்டை மறுபடி தொடங்கினார்கள்.