முப்பது வினாடியில் ஓர் உடல்

விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலின் கோபுர வாயிலில் நாட்டியக் கரணச் சிற்பங்கள் இருக்கின்றன. கால் மடித்து இடுப்பு ஒசிந்து நிற்கும் அந்தச் சிறிய உருவங்களில் முகத்தைப் பிறகுதான் பார்க்கிறோம். உடலின் பாரம் எந்தக் காலில் இறங்குகிறது என்பதே முதலில் தெரிகிறது. கரணங்கள் உறைந்த நிலைகளல்ல, அசைவுகள் என்று ஆய்ந்து சொன்னவர் பத்மா சுப்ரமணியம். அப்படியானால் சிற்பி அந்த ஓட்டத்திலிருந்து ஒரு கணத்தை மட்டும் எடுத்திருக்கிறார்.

ஜெஸ்ச்சர் டிராயிங் எனப்படும் விரைவு வரைவும் அந்தக் கணத்தைத்தான் தேடுகிறது. நியூயார்க் ஆர்ட் ஸ்டூடன்ட்ஸ் லீகில் கற்பித்த கிமோன் நிக்கொலாய்டிஸ் இதைப் பாடமுறையாக வகுத்தார். அவரது நூல் அவர் இறந்தபின் 1941இல் வெளிவந்தது. அரை நிமிடமோ ஒரு நிமிடமோதான் அவகாசம். புதிதாக வரைபவர் கண்ணில் தொடங்கி மூக்குக்கு வந்து, பாதத்துக்குத் தாளில் இடமில்லாமல் தவிப்பார். நேரம் நெருக்கினால் அந்தப் பழக்கம் தானே உதிரும்; தலை முதல் கால் வரை ஒரே வீச்சில் பார்க்கக் கண் பழகும். இந்த ஒரு பலனுக்காகவே இதைச் செய்யலாம்.

சிக்கல் பிறகு வருகிறது. வேகம் சீக்கிரமே பாணியாகிவிடும். எல்லா முதுகும் ஒரே வளைவாக வளையும், கைகள் உறை மாட்டியவை போல மொத்தையாகும். இணையத்தில் வினாடிக்கணக்கில் மாறும் புகைப்படங்களைப் பார்த்து வரைவது இன்னும் மோசம் என்பேன்: அவை அசைவதே இல்லையே! விருத்தாசலம் ஜங்ஷன் நடைமேடையில் மூட்டையில் சாய்ந்திருப்பவர் அடுத்த நொடி எழுந்துவிடுவார். மீதியை நினைவிலிருந்துதான் முடிக்க வேண்டும்.

இவ்வூரின் பீங்கான் பொம்மைகளிடம் வந்தால் இந்தப் பயிற்சியின் எல்லை தெரியும். பிளாஸ்டர் அச்சில் களிமண் கூழை ஊற்றினால், அச்சு நீரை உறிஞ்ச, சுவரோரம் மண் கெட்டிப்படும். உள்ளே மிஞ்சிய கூழைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு அச்சைப் பிரிப்பார்கள். தாளில் அழகாக வீசிய கை இங்கே அச்சில் மாட்டும். மாட்டாவிட்டால் தாங்கலின்றிச் சூளையில் தொய்யும். பொம்மைகள் கைகளை உடலோடு ஒட்டி வைத்திருப்பதைக் கற்பனை வறட்சி என்று சொல்வது பாதி உண்மைதான்.

கோடு ஒரு பக்கத்தை மட்டுமே காட்டும். பொம்மையைச் சுற்றிவந்து பார்ப்பார்கள். எனவே ஒரே நிலையை நான்கு பக்கமிருந்தும் விரைவாக வரைவது உதவும். அதுவும் போதாது. மெரினாவில் 1959இல் நிறுவப்பட்ட தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலையில் பாறையை நெம்பும் விசை முதலில் தாக்குகிறது. அருகே போனால் முதுகின் தசைகள் அந்த விசைக்குக் கணக்குச் சொல்கின்றன. இதற்கு எலும்பும் தசையும் நிதானமாகப் படித்த கை வேண்டும். அரை நிமிடப் படங்கள் எத்தனை போட்டாலும் அது வராது.

பொம்மை அச்சுக்கு மாதிரி செய்பவருக்கு என் பரிந்துரை: காலையில் பத்து விரைவு வரைவுகள், அவற்றில் தேறும் ஒன்றை மாலையில் ஒரு மணி நேரம் அளந்து வரைதல். சித்திரக்கதை வரைபவருக்கு இந்த விகிதம் வேறு. அவருடைய உருவங்கள் சூளைக்குப் போவதில்லை.